முதல் வாடகை வீடு: பழைய வீட்டை வாங்கிச் சரிசெய்து குடி வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கம் 20, 30 வருடப் பழைய வீடு ஒன்றை வாங்கி, வேலை பார்த்து, வாடகைக்கு விட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. புது அபார்ட்மெண்ட் வாங்குவது வேறு கணக்கு. அது இங்கே இல்லை.

முதல் வீடாக எதை வாங்கலாம்? தனி வீடா, லைன் வீடா?

இரண்டு மூன்று பாகமாகப் பிரிந்த தார்சு (காங்கிரீட் கூரை) வீடு. ஒரே குடும்பம் இருக்கிற தனி வீடு காலியானால் அந்த மாதம் வரவே இல்லை. மூன்றில் ஒன்று காலியானால் மீதி இரண்டு வந்துகொண்டிருக்கும். ஆறு எட்டு வாசல் உள்ள லைன் வீட்டில் வரவு கூடுதல்தான். ஆனால் பொதுக் கழிவறையை யார் கழுவுவது, மோட்டாரை யார் போடுவது என்று நாளுக்கொரு பஞ்சாயத்து வரும். அதே தெருவில் குடியிருந்து பார்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு அது ஒத்துவரும்.

வீட்டைப் பார்ப்பதற்கு முன் குடி வரப்போகிறவரை நினைத்துப் பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர் நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தைத்தான் பார்ப்பார். பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தறி ஓட்டுபவரும் அப்படியே. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்காரர் இரண்டு பைக் நிற்க இடம் கேட்பார். இவர்களில் யாருக்கு என்று தெரியாமல் வாங்கிய வீட்டுக்கு எந்த வேலை பார்த்தாலும் அரைகுறையாகவே இருக்கும்.

வாடகை வந்து மாதத் தவணையைக் கட்டிவிடுமா?

கட்டாது. ஒரு உதாரணக் கணக்கு: விலை 45,00,000, பத்திரச் செலவு 9% என்றால் 4,05,000, மராமத்து 5,00,000. ஆக 54,05,000. மூன்று பாகம், பாகத்துக்கு 7,000 என்றால் மாதம் 21,000. வருடத்துக்கு 12 மாதம் என்று போடாதீர்கள், 11 என்று போடுங்கள்: 2,31,000. வீட்டு வரிக்கு 8,000, பராமரிப்புக்கு ஒரு மாத வாடகை 21,000 கழித்தால் 2,02,000. போட்ட பணத்துக்கு வருடம் 3.7% வருகிறது. 30 லட்சம் கடனை 8.5% வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கினால் தவணையே மாதம் 26,000-க்கு மேல். வித்தியாசத்தை சம்பளத்திலிருந்தோ தொழிலிலிருந்தோ போடத் தெம்பு இருந்தால் மட்டும் கடன். நில மதிப்பு ஏறும் என்பது தனி நம்பிக்கை. அதை வாடகைக் கணக்கோடு கலக்கக் கூடாது.

பத்திரத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வக்கீலிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு.

வில்லங்கம்: பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். நகல் காட்டினால் அசல் வட்டிக்கடையில் இருக்கலாம். பதியாத அடமானம் வில்லங்கத்தில் வராது.

வாரிசு: அப்பா பெயரில் இருந்த சொத்தை அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறார்களா? கூடப் பிறந்த பெண்களைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்குள் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் கல்யாணமான பெண்களையும் சேர்த்தது. ‘சீர் செய்தாயிற்று, அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க’ என்ற பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது. விடுதலைப் பத்திரம் வேண்டும், அல்லது அவர்களும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

தடம் (வீட்டுக்குப் போகும் பாதை): நம் பக்கத்து வழக்கில் பாதி இதுதான். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் செக்குபந்திக்கு (நான்கு பக்க எல்லை விவரத்துக்கு) கீழே ‘பொதுத் தடத்தில் போக வரவும்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் தடத்தின் அகலம் அடிக்கணக்கில் எழுதியிருக்கிறதா, வண்டி வாகனம் போகலாம் என்று இருக்கிறதா, அந்தத் தடம் புல வரைபடத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தடத்தில் டேப் வைத்து அளந்து, பத்திரத்தில் 10 அடி, நிலத்தில் 7 அடி என்றால் மீதி 3 அடி யாருடைய படிக்கட்டாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு விலை பேசுங்கள். செப்டிக் லாரி உள்ளே வர முடியாத வீடும் ஜல்லி லாரி வர முடியாத வீடும் ஆயுசுக்கும் செலவு வைக்கும்.

மனை அங்கீகாரம் இல்லாததா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அங்கீகாரமில்லா மனைகளுக்கு வரன்முறைத் திட்டம் வந்தது. அந்த உத்தரவு வாங்கியிருந்தால் நகல் கேட்டு வாங்குங்கள். கோவில் இனாம் நிலமா என்பதை ‘அ’ பதிவேட்டில் பாருங்கள். அப்படி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

பத்திரச் செலவு எவ்வளவு?

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது கூடுதலோ அதன் மேல். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிற நீங்கள்தான் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1% மூலவரி (டி.டி.எஸ்.) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அட்வான்ஸாக இருந்தாலும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விற்பவர் மேல் விழும். ‘பாதி வெள்ளை, பாதி கருப்பு’ என்று பேசுகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

டேப், டார்ச், சின்னச் சுத்தியல், ஒரு ரூபாய் நாணயம், கொஞ்சம் பாலித்தீன் தாள், ஒட்டும் டேப், தண்ணீரின் உப்பளவு காட்டும் பேனா மீட்டர்.

நாணயம் விரிசலுக்கு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலில் நாணயம் நுழைந்தால் அது பூச்சு விரிசல் இல்லை, அஸ்திவாரம் அசைந்திருக்கிறது. கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் பல இடங்களில் கரிசல் மண். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும். ஆழம் பத்தாத கடைக்காலை (அஸ்திவாரத்தை) வருடா வருடம் ஆட்டி வைக்கும். புதிதாக வெள்ளையடித்த வீட்டில் இந்த விரிசல் மறைந்திருக்கும். அலமாரிக்கு உள்ளே, லாஃப்ட் மேலே, படிக்கட்டுக்கு அடியில் பாருங்கள். அங்கெல்லாம் யாரும் வெள்ளையடிப்பதில்லை.

சுத்தியலால் தார்சின் அடிப்பக்கத்தை லேசாகத் தட்டுங்கள். ‘டக்’ என்றால் நல்லது. ‘பொத்’ என்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் கம்பி துருப்பிடித்து, பருத்து, காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு இடம் என்றால் சரிசெய்யலாம். குளியலறை, சமையலறைக் கூரை முழுக்க அப்படி என்றால் வீட்டுக்கு விலை போடாதீர்கள், மனைக்கு மட்டும் போடுங்கள்.

சுவரில் உப்புப் பூத்து பெயிண்ட் உரிகிறது. பூசினால் நிற்குமா?

மேலே மேலே பூசினால் நிற்காது. காரணத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு அடிச் சதுர பாலித்தீனைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் இல்லை. ஜன்னலைத் திறந்தாலே போதும்.

உள்ளிருந்து வந்தால் மூன்று இடம் பாருங்கள். குளியலறைக் குழாய் கசிவு. வெளியே மண் மேடாகித் தரைமட்டத்துக்கு மேல் ஏறி நிற்பது (ரோடு போடப் போட நம் வாசல் பள்ளமாகும், இது எல்லா ஊரிலும் உண்டு). கடைக்காலில் ஈரத்தடுப்பு இல்லாமல் நிலத்து உப்புநீர் செங்கல் வழியாக ஏறுவது. ஏறிய தண்ணீர் ஆவியாகும், உப்பு சுவரிலேயே தங்கிப் பூச்சைப் பொடியாக்கும்.

வேலை இப்படி: ஈரக்கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை, குறைந்தது 3 அடி உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். செங்கல் இடுக்கை அரை அங்குலம் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். பிறகு சுவரைத் திறந்தபடி மூன்று நான்கு வாரம் காய விட வேண்டும். இதற்கு ஆனி, ஆடியை மிஞ்சிய காலம் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காசில்லாமல் காய வைத்துக் கொடுக்கும். ஈரம் தரையிலிருந்து ஏறுவது உறுதி என்றால், பூசும் முன் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் 4, 5 அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு ஈரத்தடுப்பு திரவம் ஏற்றலாம்.

பூச்சு 1:4 (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நான்கு). 100 சதுர அடிக்கு அரை அங்குலக் கனத்தில் சிமெண்ட் ஒரு மூட்டை, பி-சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்) 4 முதல் 5 கன அடி. கலக்கவும் நனைக்கவும் உப்புப் போர்த் தண்ணீர் வேண்டாம், லாரித் தண்ணீர் வாங்குங்கள். உப்பை எடுக்கத்தான் இத்தனை பாடு. காய வைத்த அதே காற்று புதுப் பூச்சுக்கு எதிரி. ஈரத்தை ஒரே நாளில் உறிஞ்சி வலைவலையாக வெடிக்க வைக்கும். சாக்கை நனைத்துக் கட்டி 7 நாள் ஈரம் காக்க வேண்டும்.

இன்னொன்று: ஊருக்குள் இருக்கும் பழைய வீடுகளில் மண் சாந்தில் செங்கல் கட்டிச் சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பலகை பலகையாகக் கழன்று விழும். அங்கே சுண்ணாம்புப் பூச்சுதான்.

மொட்டை மாடி ஒழுகுகிறது. மேலே பெயிண்ட் அடித்தால் போதாதா?

இரண்டு மழைக்குத் தாங்கும். முதலில் வாட்டத்தைப் பாருங்கள்: மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் ஓட வேண்டும், தேங்கக் கூடாது. 10 அடிக்கு ஒன்றரை அங்குல வாட்டம் வேண்டும். 400, 500 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல மழைநீர்க் குழாய். பழைய தட்டை ஓடுகளைத் தட்டிப் பார்த்து ‘பொத்’ என்று சத்தம் கேட்டால் அந்த இடத்தை எடுத்துவிட்டு, விரிசலை ‘வி’ வடிவில் வெட்டி அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை கொடுத்து, பிறகு வாட்டத்தோடு ஓடு பதிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சாய்வுப் பட்டை அவசியம். பெரும்பாலான ஒழுகல் நடுத்தளத்தில் இல்லை, அந்த மூலையில்தான். ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசிக்குள் இது முடிந்திருக்க வேண்டும்.

ஓட்டு வீடு கிடைக்கிறது, மலிவு. வாங்கலாமா?

கைக்காசு இருந்தால் வாங்கலாம். வங்கிக் கடன் சுலபமில்லை. மங்களூர் ஓடு 100 சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும், உடைந்ததை மாற்றுவது பெரிய செலவில்லை. செலவு மரத்தில் இருக்கிறது. கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரத்தின்) சுவருக்குள் போகிற முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் கறையான் தின்றாயிற்று. தரையும் சுவரும் சேருமிடத்தில் ஒரு அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு மருந்து விட்ட பிறகே மர வேலை. ஓட்டுத் தண்ணீர் பக்கத்து வீட்டு இடத்தில் விழுகிறதா என்பதையும் பாருங்கள். பழைய ஆள் சும்மா இருந்திருப்பார். புதுசாக வாங்கியவரிடம் கேட்பார்.

தண்ணீருக்கு என்ன ஏற்பாடு?

நம் பக்கத்தில் ‘எத்தனை ரூம்?’ என்பதற்கு முன்னால் ‘தண்ணி எப்படி?’ என்றுதான் கேட்பார்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கு அந்த ஒரு வார்த்தைக்கே வாடகை கூடும்.

போரைச் சோதிக்க, மோட்டாரை ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று பாருங்கள். முதலில் 40 நொடி, கடைசியில் 2 நிமிடம் என்றால் ஊற்று இல்லை, தேங்கின தண்ணீர்தான் வந்தது. சித்திரை, வைகாசியில் சோதிப்பதே உண்மை சொல்லும். மீட்டரில் உப்பளவு 2,000-த்துக்கு மேல் போனால் குழாய், ஹீட்டர், பிளஷ் எல்லாம் அடிக்கடி மாற்ற வேண்டிவரும்; இரும்பு, பித்தளையைத் தவிர்த்து பிளாஸ்டிக் குழாய்களாகவே போடுங்கள்.

நல்ல தண்ணீர் பல ஊர்களில் வாரத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. குடிக்க, சமைக்க ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 60, 70 லிட்டர் என்றால் வாரத்துக்கு 500. மூன்று பாகத்துக்கு 1,500. நான்கு அடி நீளம், அகலம், ஆழம் உள்ள தரைத்தொட்டி 1,800 லிட்டர் பிடிக்கும், அது போதும். உப்புத் தண்ணீருக்கும் நல்ல தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய், மேலே தனித்தனி டேங்க். இரண்டையும் ஒரு வால்வில் இணைத்துவிடுவது பிளம்பருக்குச் சுலபம். அந்த வால்வு தேய்ந்ததும் உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரில் கலக்கும்.

கரண்டுக்குத் தனித்தனி மீட்டர் வேண்டுமா?

வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். ஆளுக்கு 300 யூனிட் எரிக்கும் இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் 600 ஆகி, 100 மட்டும் கழிந்து, மேல்தட்டு விலைக்குப் போகும். தனித்தனியாக இருந்தால் ஆளுக்கு 100 கழியும், இருவரும் கீழ்த்தட்டிலேயே நிற்பார்கள். துணை மீட்டர் வைத்துப் பிரித்துக்கொள்ளலாம் என்றால் மாதம் ஒரு சண்டை.

பழைய வயரை முழுக்க உருவிவிடுங்கள். விளக்கு, ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஹீட்டர், ஏசிக்கு 4 சதுர மி.மீ. எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குள் வயரே இருக்காது. ஒவ்வொரு பாகத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பான் (ஆர்.சி.சி.பி.) ஒன்று போடுங்கள். குடி இருப்பவர் ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைத் தொடுவார்.

கழிவறை, செப்டிக் டேங்க்?

மூடியைத் திறந்து பார்க்காமல் ‘செப்டிக் டேங்க் இருக்கு’ என்பதை நம்பாதீர்கள். பொடக்காளியில் (கொல்லையில்) அடிப்பூச்சு இல்லாத உறைக்குழி ஒன்றைக் காட்டுவார்கள். அது போர்த் தண்ணீரில் கலக்கும். 10 பேருக்கு ஆறரை அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் நாலரை அடி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லாரி வைத்துச் சுத்தம். ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெரு என்றால் இணைப்புக் கட்டணத்தைக் கட்டி அதில் சேர்ந்துவிடுங்கள்.

எந்த வேலையை முதலில் செய்வது? கூலி எப்படிப் பேசுவது?

மாடி, வெளி மண், சாக்கடை முதலில். பிறகு இடிப்பு, கழிவுக் குழாய், சுவருக்குள் வயர்க்குழாய், பூச்சு, குளியலறை நீர்த்தடுப்பு, டைல்ஸ், கடைசியில் பட்டி (பெயிண்டுக்கு முன் பூசும் மாவு), பெயிண்ட். பூச்சு முடிந்து மூன்று வாரமாவது ஆறாமல் பட்டி வைக்க வேண்டாம். பழைய சுண்ணாம்பின் மேல் பட்டி ஒட்டாது, சுரண்டித்தான் ஆக வேண்டும்.

இடிப்பு, குழாய், ரிப்பேர் எல்லாம் நாள் கூலி; சதுர அடிக்குப் பேசினால் கஷ்டமான மூலையை விட்டுவிட்டுப் போவார்கள். பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் சதுர அடி. சனிக்கிழமைக் கூலியை வேலை முடிந்த அளவுக்கே கொடுங்கள், பூராவும் முன்கூட்டிக் கொடுத்தால் திங்கள்கிழமை ஆள் வேறு சைட்டில் இருப்பார்.

டைல்ஸ், மாடுலர் கிச்சன் போட்டால் வாடகை கூடுமா?

வெளிர் நிற, வழுக்காத சாதா டைல்ஸ் போதும். மாடுலர் வேண்டாம். கடப்பா கல் அலமாரி கறையானுக்கும் ஈரத்துக்கும் அசையாது. மிச்சமாகும் பணத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள்.

எப்போது குடி வைப்பது?

ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச யாரும் வர மாட்டார்கள். வைகாசியில் கிரயம் முடித்து, ஆனி, ஆடியில் கொத்திக் காய வைத்து, ஆவணி முதல் வாரத்தில் சாவி கொடுப்பது போலத் திட்டமிட்டால் ஒரு மாத வாடகையும் வீணாகாது. ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வேலை முடித்தவர் ஒரு மாதம் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

அட்வான்ஸ் எவ்வளவு வாங்கலாம்? ஒப்பந்தம் பதிய வேண்டுமா?

2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அட்வான்ஸுக்குச் சொல்லும் பொது அளவு மூன்று மாத வாடகை. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையதளத்திலேயே செய்யலாம். 11 மாதத்துக்கு எழுதினாலும் இது உண்டு. வாடகை பாக்கி என்று தண்ணீர், கரண்டைத் துண்டிக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் எழுத மறப்பவை: எத்தனை பேர் தங்குவார்கள், மோட்டார் கரண்டுக்கு யார் பொறுப்பு, செப்டிக் சுத்தத்துக்கு யார், போகும்போது வெள்ளையடிக்கக் கழிப்பது எவ்வளவு. போக்கியத்துக்கு (வாடகைக்குப் பதில் மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு) விட்டால் மாத வரவு இல்லை, கெடு முடிந்ததும் மொத்தத் தொகையை ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தை மராமத்தில் போட்டுவிட்டு, கெடு வந்ததும் அடுத்த ஆளைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு.

வருமான வரி?

வந்த வாடகையில் நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30% கழிவு தானாகவே கிடைக்கும். பில் காட்ட வேண்டியதில்லை. கடன் வட்டியும் கழியும். வட்டி வாடகையை மிஞ்சினால் பழைய வரி முறையில் வருடம் 2 லட்சம் வரை சம்பள வருமானத்தில் கழிக்கலாம், புதிய முறையில் முடியாது. வீட்டு வரியை ஏப்ரல், அக்டோபர் மாதத்துக்குள் கட்டினால் மாநகராட்சி, நகராட்சியில் 5% ஊக்கத்தொகை உண்டு. வரி ரசீதும் கரண்ட் இணைப்பும் பழைய ஆள் பெயரிலேயே கிடக்கும். கிரயமான அதே மாதத்தில் மாற்றிவிடுங்கள். அவர் ஊர் மாறிவிட்டால் பிறகு ஒரு கையெழுத்துக்கு அலைய வேண்டிவரும்.